இலக்கத் தகடும் அதன் வாசகரும்

மோட்டார் வாகனத்தின் இலக்கத் தகடு அதன் உரிமையாளர் பொருட்டு எழுதப்படுவதன்று. வீதியில் நிற்கும் பிறர் வாசிக்கும் பொருட்டு எழுதப்படுவதாகும். பாரிஸ் நகரப் பொலிஸ் நிருவாகம் 1893இல் இதனைக் கட்டாயமாக்கிற்று. பிரித்தானியாவில் 1903இல் இயற்றப்பட்ட சட்டம் 1904 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தகடு மறைக்கப்படாது தெளிவாகத் தெரிதல் வேண்டும் என்பதே இத்தகைய சட்டங்களின் பொதுக் கோட்பாடு. ஆயின், எந்த எழுத்தில் தெரிதல் வேண்டும் என்னும் வினா இலங்கை வரலாற்றில் இரத்தக்கறை படிந்த வினாவாயிற்று.

கண்டியிலிருந்து புறப்படும் ஏ-9 நெடுஞ்சாலை அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து யாழ்ப்பாணத்தை அடைகின்றது. அதுகாறும் வாகனத் தகடுகளிலிருந்த ஆங்கில எழுத்துக்களுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து 1957இல் புகுத்தப்பட்டது. 1958இல் அரசுடைமையான பேருந்துகள் அவ்வெழுத்துடன் வடக்கே சென்றபோது தமிழரசுக் கட்சியினர் அதனை அழித்துத் தமிழெழுத்தைப் பொறித்தனர். தெற்கிலோ பெயர்ப்பலகைகளிலிருந்த தமிழெழுத்துக்கள் தாரினால் பூசி அழிக்கப்பட்டன. ஏப்பிரல் 9இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாத இறுதியில் இனக்கலவரம் மூண்டது. கலவரத்துக்குத் தகடு மாத்திரமே காரணமென்பது பொருந்தாது. எனினும், நிருவாக வசதிக்கெனக் கருதப்பட்ட ஓரெழுத்து, அரசு யாரைத் தன் குடிகளாக ஏற்கின்றது என்பதன் அடையாளமாகக் கொள்ளப்பட்டதை மறுத்தற்கில்லை.

பிற்காலத்தில் 'ஸ்ரீ' கைவிடப்பட்டுத் தனி இலக்கங்களும், 2000ஆம் ஆண்டு முதல் ஆங்கில எழுத்துக்களும் இடம்பெற்றன. அக்குறணையை உள்ளடக்கிய மத்திய மாகாணத்து வாகனங்கள் பல்லாண்டுகள் 'சீ.பீ.' என்னும் குறியைத் தாங்கின. எழுத்துப் பிணக்கு இவ்வாறு தணிந்தபின் வாசகர் மாறினார். தகட்டைத் தானாகவே வாசிக்கும் கருவி 1976இல் பிரித்தானியப் பொலிஸ் ஆராய்ச்சிப் பிரிவினரால் உருவாக்கப்பட்டது. அகச்சிவப்பொளியில் தகட்டைப் படம்பிடித்து, எழுத்துக்களைப் பிரித்தறிந்து, பதிவேட்டுடன் ஒப்பிடுவது இதன் செயன்முறை. கொழும்பில் 2024 முதல் வீதிக் குற்றங்களைக் கண்டறியக் கண்காணிப்புக் கமெராக்கள் பயன்படுத்தப்பட்டு வருகின்றன.

வீதியில் நிற்கும் பொலிஸ்காரர் கண்டதை மறந்துவிடக்கூடும். கருவியோ, யார் எவ்வேளையில் எவ்வழியாகச் சென்றார் என்பதைச் சேமித்துவைக்க வல்லது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை நிகழ்ந்தபோது அக்குறணைப் பகுதியும் தாக்கப்பட்டது. அத்தகைய வேளையில் வெளியிலிருந்து வந்த வாகனங்களின் பதிவு குற்றவாளிகளை இனங்காணத் துணைபுரியக்கூடும். அதே பதிவு, தாக்கப்பட்ட சமூகத்தையே ஐயத்துடன் கண்காணிக்கவும் உதவக்கூடும். அது எவ்வாறு பயன்படும் என்பதைத் தீர்மானிப்பது கருவியன்று. அதனை ஆளும் சட்டமேயாகும்.

தனியாள் தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022இல் நிறைவேற்றப்பட்டமை இவ்வகையில் ஒரு தொடக்கம் எனலாம். குடிமகன் தன் தகட்டை மறைத்தலாகாது என விதிக்கும் அரசு, அதனை வாசித்தவர் யார், அப்பதிவு எத்துணைக் காலம் பேணப்படும் என்பவற்றை அவனிடமிருந்து மறைத்தல் நீதியாகாது. குடிகளைக் கலந்து ஆலோசியாது எடுத்த முடிவின் விலையை 1958 காட்டியிருக்கின்றது.