12-0-12: நடுக்கம்பியின் கதை

சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று, வீட்டில் செய்யும் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "பன்னெண்டு சீரோ பன்னெண்டா? எத்தனை ஆம்ஸ்?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். அவர் எடுத்துக் கொடுக்கும் மின்மாற்றியின் ஒரு பக்கத்தில் இரண்டு கம்பிகள் இருக்கும். அவை வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் இணைய வேண்டியவை. மறுபக்கத்தில் மூன்று கம்பிகள். இரண்டு ஓரக் கம்பிகளும் ஒரே நிறம். நடுக்கம்பி மட்டும் வேறு நிறம். உள்ளே போக இரண்டு, வெளியே வர இரண்டு என்றுதானே பாடப் புத்தகத்தில் படித்தோம்? இந்த மூன்றாவது கம்பி எதற்கு?

நான் இளங்கலை படித்தபோது இக்கேள்வியைக் கேட்காமலே வேலையில் இறங்கிவிட்டேன். பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, எல்.ஏ.4440 என்னும் ஒருங்கிணைந்த சுற்றைக் கொண்டு ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தேன். நான்கு டையோடுகளைப் பாலம் போல இணைத்து, டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு ஓரக் கம்பிகளை அதனுடன் சேர்த்துப் பற்றவைத்தேன். நடுக்கம்பி தேவையில்லை என்று தீர்மானித்து, அதன் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். சில நொடிகளில் பட்டாசு போல ஒரு சத்தம்! மின்தேக்கி வெடித்து, அதன் அலுமினிய மூடி கூரையில் போய் மோதியது. அறை முழுவதும் கருகல் நாற்றம். முகத்தை அதன்மேல் குனிந்து வைத்திருந்தால் இன்று உங்களுக்கு இக்கட்டுரையை எழுதிக் கொண்டிருப்பேனா என்பது ஐயமே.

நடந்தது என்ன? டிரான்ஸ்ஃபார்மரின் மேல் எழுதியிருந்த 12 என்பது நடுக்கம்பிக்கும் ஓர் ஓரக் கம்பிக்கும் இடையிலுள்ள மின்னழுத்தம். இரு ஓரங்களுக்கும் இடையே 24 வோல்ட். அதுவும் பயனுறு மதிப்புத்தான். அலையின் உச்சம் அதைப்போல 1.414 மடங்கு, அதாவது ஏறக்குறைய 34 வோல்ட். மின்தேக்கி உச்சம்வரை நிரம்பும் இயல்புடையது. டையோடுகளில் இழப்பாகும் 1.4 வோல்ட்டைக் கழித்தாலும் 32 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். நான் வாங்கியிருந்ததோ 25 வோல்ட் தாங்கும் மின்தேக்கி. அந்த ஒருங்கிணைந்த சுற்று இயங்கும்போது 18 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. தவறு முழுவதும் என்னுடையதே. ஆனால் நடுக்கம்பி ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு விடை தேடியபோது ஒரு நூற்றாண்டுக் கதை கிடைத்தது.

கதையின் முதல் காட்சி லண்டனில், 1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29. மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்கலத்தை இணைத்தபோதும் துண்டித்தபோதும் மட்டுமே மற்றொன்றில் முள் அசைந்தது. மின்னோட்டம் மாறாமல் ஓடியபோது முள் அசையவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறுதிசை மின்னோட்டம் ஏன் தேவை என்பது அன்றே தெரிந்துவிட்டது. இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் செய்யும் ஆம்ப்ளிஃபயரின் பெட்டியைத் தொட்டால் வீட்டு மின்சாரம் உங்களைத் தாக்காமல் காப்பது அந்த இடைவெளிதான். 1885இல் புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி ஆகிய மூவரும் மூடிய இரும்பு உள்ளகம் கொண்ட டிரான்ஸ்ஃபார்மரை உருவாக்கினர்.

அடுத்து வருபவரின் பெயர் நம் பாடப் புத்தகங்களில் அதிகம் இல்லை. போலந்து நாட்டவரான கரோல் போலக், நான்கு திருத்திகளைக் கொண்ட பாலச் சுற்றுக்கு 1896இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் லியோ கிரேட்ஸ் அதே சுற்றைத் தாமாகக் கண்டு வெளியிட்டார். எனவே பெயரெல்லாம் கிரேட்ஸுக்குப் போயிற்று. சிலிக்கான் டையோடு பிறக்காத அக்காலத்தில், ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும் அலுமினிய மின்பகு கலங்களை அவர்கள் பயன்படுத்தினர். அலுமினிய மின்பகு மின்தேக்கியின் முன்னோடியும் போலக்கே. ஆக, என் மாடியில் வெடித்த மின்தேக்கியும் அதன் பக்கத்திலிருந்த பாலமும் ஒரே மனிதரின் மூளையில் பிறந்தவை!

பாலத்திற்கு இரண்டு கம்பிகள் போதும். அப்படியானால் மூன்றாவது கம்பி எப்போது வந்தது? அதற்கு நாம் ரேடியோவின் காலத்துக்குப் போகவேண்டும். பட்டினப்பாக்கத்திலிருந்து வடக்கே சாந்தோமைத் தாண்டிக் காமராசர் சாலையை அடைந்தால் வானொலி நிலையம் தென்படும். அது அங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பே சென்னையில் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16இல் சென்னை மாகாண ரேடியோ கழகம் தோன்றியது. ஜூலை 31இல் 40 வாட் திறனுள்ள பரப்பியுடன் ஒலிபரப்பு தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் கழகம் ஓய்ந்தது. சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பைத் தானே நடத்திற்று. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி பொறுப்பேற்கும்வரை அது தொடர்ந்தது.

கழகம் தொடங்கிய காலத்து வால்வு ரேடியோவை நினைத்துப் பாருங்கள். மின்னிழையைச் சூடாக்க ஒரு மின்கலம், தகட்டுக்கு உயர் மின்னழுத்தம் தர ஒரு மின்கல அடுக்கு, பல ரேடியோக்களில் கிரிட்டுக்கு மூன்றாவது ஒன்று. பாட்டுக் கேட்பதைவிட மின்கலத்தைப் பராமரிப்பதே பெரிய வேலை. வீட்டு மின்சாரத்தை நேரடியாக மின்னிழைக்குக் கொடுத்தால் ஒலியில் "ம்ம்ம்..." என்று தம்புரா போல ஒரு முனகல் கலந்தது. (தம்புராவாவது சுருதி சேரும்!) டொரண்டோவில் எட்வர்ட் ரோஜர்ஸ் 1925இல் மின்கலமே இல்லாத ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அத்தகைய ரேடியோவுக்கு மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசைக்குத் திருத்தியாக வேண்டும். போலக்கின் பாலத்தை வால்வுகளால் கட்டினால் நான்கு வால்வுகள் வேண்டும். அதைவிடத் தொல்லை, அவற்றின் மின்னிழைகள் எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை; எனவே அவற்றைச் சூடாக்க டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று தனிச் சுருள்கள் சுற்றவேண்டும். பொறியாளர்கள் வேறு வழி கண்டனர். துணைச் சுருளை இரு மடங்காகச் சுற்றி, நடுவில் ஒரு கம்பியை வெளியே இழுத்து அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஓரம் நேர்மின்னாக இருக்கும்போது மற்றது எதிர்மின்னாக இருக்கும். இரண்டு தகடுகளும் ஒரு மின்னிழையும் ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் அடங்கிவிட்டன. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் நன்கறிந்த 80 எண் வால்வு இவ்வகையே. சுருளின் ஒவ்வொரு பாதியும் பாதி நேரம் சும்மா இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் செம்பை விட வால்வு விலை அதிகமாக இருந்த காலத்தில் அது நல்ல கணக்கு.

பின்னர் கணக்குத் தலைகீழாயிற்று. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வால்வுகளையும், மறு ஆண்டே ஜெர்மானியக் குறைகடத்திச் சாதனங்களையும் தயாரிக்கத் தொடங்கியது. சிலிக்கான் டையோடுக்கு மின்னிழையும் இல்லை, சூடாக்கவும் வேண்டாம். இன்று ஒரு தேநீர் விலையில் நான்கு 1என்4007 டையோடுகள் வாங்கிவிடலாம். விலை ஏறியது செம்புதான். ஓரங்கட்டப்பட்டிருந்த போலக்கின் பாலம் திரும்பி வந்தது. நடுக்கம்பியும் கடைகளை விட்டுப் போகவில்லை. என்னைப் போன்ற மாணவர் இவ்விரண்டு காலங்களையும் ஒரே பலகையில் கலந்துவிடும்போதுதான் மின்தேக்கி வெடிக்கிறது.

சரி, நீங்கள் எப்படி இணைக்கவேண்டும்? 12 வோல்ட் வகைச் சுற்றானால் நடுக்கம்பியைப் பூஜ்யமாக்கி, ஓரத்துக்கொன்றாக இரண்டே டையோடுகள் போடுங்கள். 16 வோல்ட் அளவில் கிடைக்கும். சுமை குறைவானால் சற்றுக் கூடும். நொடிக்கு 50 சுழற்சி என்பதால் மின்தேக்கி நொடிக்கு 100 முறை நிரம்பும். ஓர் ஆம்பியர் இழுத்தால் 2200 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் மின்னழுத்தம் 4.5 வோல்ட் வரை ஏறி இறங்கக்கூடும். 4700 போட்டால் அது பாதிக்கும் கீழே குறையும். முனகல் 100 சுழற்சியில் கேட்டால் மின்தேக்கி போதவில்லை; அதைவிடத் தடித்த 50 சுழற்சியானால் பெரும்பாலும் உள்ளீட்டுக் கம்பி டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகே ஓடுகிறது. முதன்மைச் சுருளின் வழியில் ஃப்யூஸ் போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். இரும்பு உள்ளகத்தையும் உலோகப் பெட்டியையும் எர்த்துடன் இணையுங்கள். எங்களைப் போலக் கடலோரத்தில் குடியிருப்பவர்கள் பற்றவைத்த இடங்களையும் ஆண்டுக்கொருமுறை பார்க்கவேண்டும். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும்.

டி.டி.ஏ.2030 போன்ற சில சுற்றுகள் +16, -16 என இரட்டை மின்னழுத்தம் கேட்கும். அப்போது இரு ஓரங்களும் பாலத்தில் சேரும். பாலத்தின் இரு முனைகளிலிருந்தும் நடுக்கம்பிக்கு ஒவ்வொரு மின்தேக்கி. ஸ்பீக்கரின் ஒரு முனையும் அந்த நடுக்கம்பியில்தான் போய்ச் சேர்கிறது. நான் டேப் சுற்றி ஒதுக்கிய அதே கம்பி!