மலாக்காத் தமிழ்ப் பள்ளியும் வரலாற்றாசிரியர் பயிற்சியும்

வரலாறு கற்பிப்பதற்கு நூலறிவு மட்டும் போதாது. ஒரு செய்தியை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், அதற்கு வேறு சான்று உண்டா என்று ஆராயும் பழக்கமும் ஆசிரியருக்கு வேண்டும். அது தானே வருவதன்று, பயிற்சியால் வருவது. இதற்கு மலாக்கா மாநிலமே தக்க சான்றாகும்.

1900ஆம் ஆண்டில் மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்கென மலாக்காவில் ஒரு பயிற்சிக் கல்லூரி தோன்றியது. 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்தபோது அதன் பணி அங்கே மாறியது. இதற்கிடையே, 1918இல், வின்ஸ்டெட் மலாய் மொழியில் எழுதிய வரலாற்று நூல் வெளிவந்தது. மலாக்காக் கல்லூரியில் கற்பித்த அப்துல் ஹாடி ஹாஜி ஹசன் பின்னர் மலாய் உலக வரலாற்றைப் பல பகுதிகளாக எழுதினார். ஆசிரியர் பயிற்சியிலிருந்தே வரலாற்று நூல்கள் பிறந்தன.

அதே மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் நிலைமை வேறு. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டுமென்று மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகைகள் எழுந்தன, ஆனால் கங்காணியும் கிராணியுமே பாடம் சொன்ன தோட்டங்கள் பல. பாட நூல்களும் தமிழகத்திலிருந்து வந்தவை. காவிரியை அறிந்த சிறுவன் மலாக்கா ஆற்றின் வரலாற்றை அறியாதிருந்தான்.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டத்தை வற்புறுத்தியது. 2014 முதல் நான்காம் ஆண்டு மாணவர்க்கே வரலாறு தனிப்பாடமாயிற்று. ஆகவே தமிழாசிரியரின் பொறுப்பு பெருகியுள்ளது.

அப்பொறுப்பு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூல், பெண்டஹாரா துன் முத்தாஹிர் கொல்லப்பட்ட செய்தியைக் கூறுகிறது. அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தனின் வழித்தோன்றல். அவர்மீது சுமத்தப்பட்ட பழியை மேலே கொண்டு சென்ற ஷாபந்தரோ ராஜா முதலியார்! இதை வகுப்பில் எவ்வாறு சொல்வது? நம்மவர் என்று மறைப்பதும் பிழை. ஒருவர் செயலை ஓர் இனத்தின் இயல்பாகக் காட்டுவதும் பிழை. அந்நூல் எக்காலத்தில், எவர் அவையில் எழுந்தது என்று கேட்டு, போர்த்துகீசியரான தோமே பிரெஸ் எழுதிய குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிய ஆசிரியரே நடுநிலையில் நிற்க முடியும்.

எனவே பயிற்சி என்பது தேர்வு வினாக்களைத் தொகுப்பதோடு முடிதல் கூடாது. மூலச் சான்றுகள் தமிழில் ஆசிரியர் கைக்கு எட்ட வேண்டும். மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலும், 1896இல் டான் சே யான் ரப்பர் பயிரிட்ட புக்கிட் லிந்தாங்கும் அவர்களுக்குப் பயிற்சிக் களங்களாதல் வேண்டும். பால்மரத்தடியில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள், தாம் நிற்கும் மண்ணின் வரலாற்றில் தமக்கும் ஓர் ஏடு உண்டு என்பதை முதலில் தம் ஆசிரியர் வாயிலாகவே அறிவர்.