குளோசபின் திரும்பி வந்த வழி

ஓவல்டின் பானத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அந்தப் பானத்தைத் தந்த ஸ்விட்சர்லாந்தின் வாண்டர் நிறுவனம்தான், 1958இல் பெர்ன் நகரத்து ஆய்வகத்தில் குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்தையும் உருவாக்கியது. வெளிர் மஞ்சள் தூள். மனச்சிதைவு நோய்க்கான மருந்து என்றால் கைகால் விறைத்தே தீரும், விறைக்காவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று அன்றைய மருத்துவ உலகம் நம்பியது. குளோசபின் கொடுத்த எலிகள் விறைக்கவில்லை. அதனாலேயே அதன்மேல் சந்தேகம் விழுந்தது. நோயாளிகளிடம் பலனைக் கண்ட ஹான்ஸ் ஹிப்பியூஸ் போன்ற ஜெர்மானிய மருத்துவர்கள் விடவில்லை. 1972இல் லெபோனெக்ஸ் என்ற பெயரில் அது ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது.

1975இல் பின்லாந்தில் அதைச் சாப்பிட்ட எட்டுப் பேர் இறந்தார்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் அடியோடு வற்றிப்போக, சாதாரணத் தொற்றே உயிரைக் குடித்துவிட்டது. அதற்குள் வாண்டரை வாங்கியிருந்த சாண்டோஸ் நிறுவனம் பல நாடுகளில் மருந்தைத் திரும்பப் பெற்றது. வேறு எதிலும் தேறாத சிலருக்கு மட்டும் சிறப்பு அனுமதியில் கிடைத்தது.

அதை மீட்டுக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் கேன். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஹில்சைட் மருத்துவமனையின் மனநல மருத்துவர், ஆய்வாளர். பழைய மருந்துகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு நாக்கும் உதடும் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும் கோளாறை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அந்தக் கோளாறைப் பெரும்பாலும் உண்டாக்காத ஒரு மருந்து ஓரமாகக் கிடந்ததை அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கு இயல்பாகவே படுகிறது.

ஹெர்பர்ட் மெல்ட்ஸர் உள்ளிட்டோருடன் அவர் நடத்திய ஆய்வின் அழகு, நோயாளிகளைத் தேர்ந்த விதத்தில் இருக்கிறது. குறைந்தது மூன்று மருந்துகளில் தேறாதவர்களை மட்டும் எடுத்தார்கள். பழைய கோப்பில் எழுதியிருப்பதை நம்பிவிடாமல், எல்லோருக்கும் முதலில் ஆறு வாரம் ஹாலோபெரிடால் என்ற பழைய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் தேறாத 268 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் குளோசபின், இன்னொன்றுக்குக் குளோர்புரோமசின் என்ற மற்றொரு பழைய மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வாராவாரம் ரத்தம் எடுத்து வெள்ளணுக்களை எண்ணினார்கள். ஆறு வாரத்தில் குளோசபின் பிரிவில் 30 சதவீதம் பேர் தேறினார்கள். மற்றதில் 4 சதவீதம். 1988இல் முடிவு வெளியானது. இனி வழியே இல்லை என்று கைவிடப்பட்டவர்களில் பத்துக்கு மூன்று பேர்! மனநல மருத்துவத்தில் இதைவிட நேர்மையான ஆய்வுகள் அரிது என்பேன். தோற்பதற்கு அத்தனை வாய்ப்பையும் மருந்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஜெயிக்கவைத்தார்கள்.

1989இல் அமெரிக்கா அனுமதித்தது, ஒரு கண்டிப்போடு: ரத்தப் பரிசோதனை இல்லையேல் மாத்திரை இல்லை. சோதனையும் மருந்தும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 9000 டாலர் என்று சாண்டோஸ் விலை வைத்ததும் வழக்குகள் கிளம்பின. ஏழை நோயாளிகள் எட்டிப்பிடிக்க முடியாத அந்த விலை அநியாயம்தான்.

மருந்துக்கு வேறு குறைகளும் உண்டு. தூக்கம் அழுத்தும், எடை ஏறும், இரவில் எச்சில் வழிந்து தலையணை நனையும், மலச்சிக்கல் ஆபத்தாகலாம். ஆனாலும் தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதாக மெல்ட்ஸர் தலைமையிலான இன்னோர் ஆய்வு காட்டியது. கேன் பிறகு, நோய் தொடங்கியவுடனேயே மருந்தோடு குடும்பத்துக்கான ஆலோசனையும் வேலைக்கான உதவியும் சேர்த்துக் கொடுக்கும் பெரிய ஆய்வுக்குத் தலைமை ஏற்றார்.

வெள்ளணு ஆபத்து பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். 2025இல் அமெரிக்க அரசு தன் கட்டாயக் கண்காணிப்புத் திட்டத்தைக் கைவிட்டது. ரத்தப் பரிசோதனையின் தேவை மட்டும் போய்விடவில்லை.

இந்தியாவிலும் குளோசபின் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவர் இரண்டு மருந்துகளை முறையாகச் சாப்பிட்டும் தேறவில்லையென்றால், அடுத்த முறை மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஆண்டுகளைக் கடத்தாதீர்கள்.