ரேஷன் கடை எவ்வளவு தூரம்?

இன்னைக்கு எபிசோட் ஒரு பருப்புக் கணக்குல ஆரம்பிக்குது. ரேஷன் கடையில ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய். வெளியில 100 ரூபாயைத் தாண்டி விற்குது. அப்போ ஒரு தினக்கூலிக் குடும்பத்துக்கு அந்த ரேஷன் பருப்போட உண்மையான விலை என்ன?

30 ரூபாய்னு சொன்னா அது பாதி பதில்தான். கடைக்குப் போய்வர ஆகும் செலவு, வரிசையில் நிற்கும் நேரம், "பருப்பு இன்னும் வரல, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் மறுநாளும் போகும் வேலை, இதையெல்லாம் கூட்டணும். இந்தக் கணக்கைக் கையில் வெச்சுக்கிட்டு சென்னையோட 120 வருஷக் கதையைப் பார்த்தா ஒரு விஷயம் தெரியுது. விலையைக் குறைக்கிறதுல நாம ரொம்ப தூரம் வந்துட்டோம். தூரத்தைக் குறைக்கிறதுல இன்னும் பாதி வழியிலதான் நிற்கிறோம்.

கதை திருவல்லிக்கேணியில ஆரம்பிக்குது. 1904-ல் அங்கே ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கப்பட்டது. நம்ம டி.யு.சி.எஸ்., அதாவது திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுக் கடை இதுதான். இதுக்கு முன்மாதிரி இங்கிலாந்தில் இருந்தது. 1844-ல் ராக்டேல் என்ற ஊரில் நெசவாளர்கள் உட்பட 28 தொழிலாளர்கள் காசு சேர்த்து ஒரு கடை போட்டாங்க. மாவு, சர்க்கரை, வெண்ணெய், ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லை, எடையில் ஏமாற்று இல்லை, லாபம் உறுப்பினர்களுக்கே. ஆனா ஒரு கண்டிப்பான விதியும் இருந்தது: கடன் கிடையாது.

இந்த விதியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாசச் சம்பளக்காரருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. திருவல்லிக்கேணிச் சங்கத்தில் ஆரம்பத்தில் சேர்ந்தவர்களும் பெரும்பாலும் படித்த, நடுத்தரக் குடும்பத்தினர்தான். அன்னாடங்காய்ச்சிக்கு நிலைமை வேற. இன்னைக்கு வேலைக்குப் போனாத்தான் இன்னைக்கு அரிசி. அவருக்குத் தெருமுனைக் கடைக்காரர் வெச்சிருக்கும் கடன் நோட்டுதான் பேங்க். அங்கே விலை கூடத்தான். ஆனா கடை பக்கத்துல இருக்கு, ராத்திரியும் திறந்திருக்கு, அஞ்சு ரூபாய்க்கும் எண்ணெய் தருவாங்க. மலிவான கடைக்கும் ஏழைக்குத் தோதான கடைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இப்படித்தான் ஆரம்பிக்குது.

அடுத்த கட்டம் இரண்டாம் உலகப் போர். அப்போ மதராஸ் நகரத்தில் 7 லட்சத்துக்கும் மேலான மக்கள். சாப்பாட்டுக்குப் பர்மா அரிசி முக்கியம். 1942-ல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. 1943-ல் வங்கத்தில் பெரும் பஞ்சம். அதே வருஷம் அரசு அமைத்த உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் நகரங்களில் ரேஷன் கொண்டுவரச் சொன்னது. மதராஸிலும் ரேஷன் வந்தது. கவனிங்க, இது ஏழைகளுக்கான திட்டமாக வரவில்லை. நகரம் பட்டினி கிடக்காமல் இருக்கச் செய்த போர்க்கால ஏற்பாடு.

அதனால் போர் முடிந்து சில வருஷம் கழித்து அதை எடுத்துவிடவும் முடிந்தது. 1952-ல் முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். வரிசை போச்சு, கெடுபிடி போச்சு. மக்கள் வரவேற்றாங்க. ஆனா அறுபதுகளின் நடுவில் பற்றாக்குறை திரும்பி வந்தபோது, அரிசி தேர்தல் மேடைக்கே வந்துவிட்டது. 1967-ல் தி.மு.க. சொன்னது: ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம். அண்ணா ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. செலவு தாங்காததால் மாநிலம் முழுக்க அது விரியவில்லை. ஆனா ஒரு எண்ணம் ஊன்றிவிட்டது: அரிசி விலைக்கு அரசு பொறுப்பு.

1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. அரிசியைக் கொள்முதல் செய்து, கிடங்கில் வைத்து, கடைக்கு அனுப்புவது அதன் வேலை. கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. பல மாநிலங்களில் ரேஷன் கடை தனியார் டீலர் கையில். கமிஷன் குறைவாக இருந்தால், சரக்கை வெளியில் தள்ளத் தோன்றும். இங்கே கடையில் இருப்பவர் சங்கத்தின் ஊழியர். தப்பே நடக்காதுன்னு இல்லை. ஆனா கடத்தினால் கிடைக்கும் லாபம் கடையின் உரிமையாளருக்கு என்ற கணக்கே இங்கே இல்லை. 1904-ல் தொடங்கிய அதே டி.யு.சி.எஸ். இன்றைக்குச் சென்னையில் ரேஷன் கடைகளும் நடத்துகிறது.

1997-ல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று கார்டுகளைப் பிரிக்கச் சொன்னது. தமிழ்நாடு எல்லாருக்கும் என்பதையே தொடர்ந்தது. நம்ம ஆளுங்க பாஷையில சொல்லணும்னா, இது ஃபால்ஸ் பாசிட்டிவ், ஃபால்ஸ் நெகட்டிவ் விவகாரம். வசதியானவர் ஒருத்தர் அரிசி வாங்கினா அரசுக்குக் கொஞ்சம் நஷ்டம். ஏழை ஒருத்தர் லிஸ்ட்டில் விடுபட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ரெண்டு தப்பும் சமம் இல்லை. எந்தத் தப்பைத் தாங்கிக்கலாம் என்று இந்த மாநிலம் முடிவு பண்ணியது. 2007-ல் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2011-லிருந்து அரிசி இலவசம்.

சரி, விலைப் பிரச்சினை பெரும்பாலும் முடிஞ்சுது. தூரம்?

ஓ.எம்.ஆர்.ல வேலை பார்க்கிறவங்களுக்குக் கண்ணகி நகர் தெரியும். 2000-லிருந்து நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதி மக்களை அரசு அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அதன் பிறகு பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகள். வீடு இடம் மாறியது. ஆனா பழைய முறையில் ரேஷன் கார்டு ஒரு குறிப்பிட்ட கடையோடு கட்டப்பட்டது. கார்டை மாற்றி வாங்கும்வரை பழைய கடைதான் உங்க கடை. சிட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளிப் போனவருக்கு 30 ரூபாய்ப் பருப்பு அன்னைக்கு 30 ரூபாய் இல்லை. அதோட ஒரே நாளில் அவர் இழந்தது ரேஷன் கடையை மட்டும் இல்லை. கடன் நோட்டு வெச்சிருந்த அண்ணாச்சியையும்தான். புது இடத்துக் கடைக்காரருக்கு இவர் யார்னே தெரியாது.

இந்தக் கட்டு அவிழ்ந்தது சமீபத்தில்தான். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்ததும், எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஆனது. இதுல எனக்குப் பிடிச்ச இன்னொரு தகவல்: ரேஷன் சாமானின் உண்மை விலையைக் குறைத்த ஒரு பெரிய முடிவு உணவுத் துறையிலிருந்தே வரவில்லை. 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தாங்களே, அதுதான். ரேஷன் பையோடு பஸ் ஏறுகிற அக்காக்களுக்கு இது புரியும். 2025 ஆகஸ்டில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. கடைக்கு வர முடியாதவரிடம் கடை போகணும் என்பதை அரசே ஒத்துக்கொண்டது என்றுதான் இதைப் பார்க்கிறேன்.

இன்னும் பாக்கி இருக்கு. வேலைக்குப் போற நேரமும் கடை திறந்திருக்கும் நேரமும் ஒண்ணாவே இருந்தா, கார்டு இருந்தும் என்ன பிரயோஜனம்? கைரேகை மெஷின் சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த அரை மணி நேரத்துக்கு யார் கூலி தருவாங்க? நமக்கு ஆப்பில் பத்து நிமிஷத்தில் கொத்தமல்லி வருது. அந்த ஆபீஸைப் பெருக்குகிற அக்கா அரிசிக்காக அரை நாள் லீவு போடுறாங்க. அடுத்த தடவை ஒரு அரசாங்கம் புதுக் குடியிருப்பைத் திறந்து வைக்கும்போது, எத்தனை வீடுன்னு மட்டும் கேட்காதீங்க. ரேஷன் கடை எந்த பிளாக்குல, எத்தனை மணி வரைக்கும்னும் கேளுங்க.