எலும்போடு ஒன்றிய உலோகம்

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டேனியத் திருகைப் பொருத்தி, அதன்மேல் செயற்கைப் பல்லை அமைக்கும் முறை இன்று பரவியுள்ளது. பெரும்பாலும் திருகு நிலைத்துவிடுகிறது. சிலருக்கோ சில வாரங்களிலேயே ஆடிக் கழன்றுவிடுகிறது. ஏன்?

1950-களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் குழல் ஒன்றைப் பதித்து, இரத்த ஓட்டத்தை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து குழலை எடுக்க முயன்றார், வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது! 1965-இல் மனிதத் தாடையில் இத்தகைய திருகுகளைப் பொருத்தினார்.

எலும்பு ஒன்றுவதைத் தடுப்பவற்றுள் ஒன்று வெப்பம். துளையிடும்போது உராய்வினால் எலும்பு சூடேறுகிறது. 47 டிகிரி செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு கெடும் என்பதை 1983-இல் சுவீடன் ஆய்வாளர்கள் முயல்களில் கண்டனர். துளையிடுகையில் நீர் பாய்ச்சுவது இதற்காகவே.

மற்றொன்று அசைவு. புதிய திருகு அளவுமீறி அசைந்தால், எலும்புக்குப் பதிலாக அதைச் சுற்றி நார்த்திசு வளரும், பிடிப்பு ஏற்படாது. ஆகவே பிரோனமார்க் திருகை ஈறுக்குள் மூடிச் சில மாதங்கள் காத்திருந்த பின்னரே பல்லைப் பொருத்தினார்.

இன்னொன்று புகை. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, எலும்பு ஆறுவதைத் தடுக்கிறது. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், புகைபிடிப்போருக்குப் பொருத்தியவற்றில் 100-க்கு ஏறத்தாழ 11 திருகுகள் தோல்வியுற்றன. மற்றவர்களிடம் ஏறத்தாழ 5 மட்டுமே.

உலோகம் எவ்வளவு உறுதியானதாயினும், அதைப் பற்றிக்கொள்ள வேண்டியது உயிருள்ள எலும்பே. அதற்குக் குளிர்ச்சியும் அசையாமையும் நல்ல இரத்த ஓட்டமும் தேவை.