மரம் வெட்டுவோர் நாட்டில் மாரடைப்பு



மாரடைப்பு என்பது உடல் வருந்தாது உட்கார்ந்திருந்து உண்போரைத் தேடி வரும் நோய் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். வியர்வை சிந்தி உழைப்பவனுடைய நெஞ்சு உறுதியானது என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் குலைத்த நாடு பின்லாந்து. அதிலும் சிறப்பாக, ருஷ்ய எல்லையை அடுத்துக் கிடக்கும் வட கரேலியா என்னும் மாகாணம். அங்கே கோடரியும் வாளுங்கொண்டு காட்டு மரங்களை வீழ்த்தியவர்கள், உறைபனிக்காலத்திற் சறுக்குக் கட்டை பூட்டி நெடுந்தூரம் சென்று வந்தவர்கள், நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீழ்ந்து இறந்தார்கள். அந்த மாகாணம் தன் விதியை மாற்றிக்கொண்ட வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

உடலுழைப்பு நெஞ்சைக் காக்கும் என்பது பொய்யன்று. 1953ஆம் ஆண்டில் ஜெரி மொறிஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும் இலண்டன் மாநகரத்து இரட்டைத்தட்டு பஸ்வண்டிகளில் வேலை செய்வோரைப் பற்றிய ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கொழும்பு வீதிகளிலும் ஒருகாலத்தில் அத்தகைய வண்டிகள் ஓடின. கண்டவர்களுக்கு மேற்றட்டிற்குச் செல்லும் அப்படிக்கட்டு நினைவிருக்கும். நாள் முழுதும் ஆசனத்தில் அமர்ந்திருந்த சாரதியைக் காட்டிலும், படியேறியும் இறங்கியும் சீட்டுக் கொடுத்த நடத்துநருக்கு மாரடைப்புக் குறைவாகவே கண்டது. அப்படியாயின் வட கரேலியாவின் மரம் வெட்டுவோர் ஏன் மாண்டனர்? உழைப்பு ஒன்றினாலேயே ஈடுசெய்ய இயலாத வேறேதோ அவர்கள் வாழ்வில் இருந்திருக்கவேண்டும்.

அதனைத் தேடிச் சென்றவருள் ஒருவர் அமெரிக்கரான அன்செல் கீஸ். 1958ஆம் ஆண்டு தொடங்கிய அவரது ஆய்வில் அமெரிக்கா, பின்லாந்து, ஒல்லாந்து, இத்தாலி, யூகோசிலாவியா, கிரேக்கம், யப்பான் ஆகிய ஏழு நாடுகளைச் சேர்ந்த பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட நடுவயது ஆடவர்கள் பரிசோதிக்கப்பட்டனர். ஆண்டுகள் பல தொடர்ந்து கவனித்தபோது, இருதய நோயினால் மிகுதியாக இறந்தோர் கீழைப் பின்லாந்தினர் என்பது தெரிந்தது. மிகக் குறைவாக இறந்தோருள் கிரேக்க நாட்டுக் கிறீற்றுத் தீவினர் இருந்தனர். அவர்களும் உழவரே, அவர்களும் கொழுப்பைத் தாராளமாக உண்டவரே. ஆயினும் அக்கொழுப்பு ஒலிவ எண்ணெயிலிருந்து வந்தது. பின்லாந்தினரின் கொழுப்போ வெண்ணெயிலிருந்தும் பாலிலிருந்தும் பன்றியிறைச்சியிலிருந்தும் வந்தது. கீஸ் தமது கருத்துக்கு இசைந்த நாடுகளையே தெரிந்தெடுத்தார் என்று குறை கூறுவோர் உண்டு. நாட்டோடு நாட்டை ஒப்பிடுவதனால் மாத்திரம் ஒரு காரணத்தை நிறுவிவிட முடியாது என்பதும் நியாயமே. எனினும் கீழைப் பின்லாந்தின் கல்லறைகளை எவரும் மறுக்கவில்லை.

இந்த உணவுப் பழக்கத்தின் பின்னால் ஒரு துயர வரலாறு இருக்கின்றது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பின்லாந்து சோவியத் நாட்டோடு இருமுறை பொருதியது. கரேலியாவின் பெரும்பகுதியை இழந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தனர். அவர்களுக்கும் போர்க்களத்திலிருந்து மீண்டோருக்கும் அரசாங்கம் காணி பகிர்ந்து கொடுத்தது. காடு வெட்டி, நிலந்திருத்தி, சில பசுக்களைக் கட்டி அவர்கள் மீண்டும் வாழத் தொடங்கினர். பசியறிந்த மக்களுக்கு ரொட்டியின்மேல் தடித்துப் பூசிய வெண்ணெய், பட்ட துன்பம் தீர்ந்தது என்பதற்கு அடையாளமாயிற்று. கொழுப்பு நீக்காத பாலை நீர்போற் குடித்தனர். உப்பிட்ட பன்றியிறைச்சியும் உப்பிட்ட மீனும் நாள்தோறும் மேசைக்கு வந்தன. பச்சையிலை உணவு கால்நடைக்குரியது என்று பரிகசித்தவர்களும் இருந்தனர். போர்க்காலத்திற் படையினருக்குப் பங்கீடாகக் கொடுக்கப்பட்ட சிகரெட்டு, போர் முடிந்த பின்னும் கையை விட்டு நீங்கவில்லை. 1972இல் அம்மாகாணத்து ஆடவரிற் பாதிக்கு மேற்பட்டோர் புகைபிடிப்போராயிருந்தனர்.

தாயொருத்தி தன் மகனுக்கு வெண்ணெய் கூட்டிக் கொடுத்தது அன்பினாலன்றி வேறெதனால்? ஆகவே, "உன் உணவு உன்னைக் கொல்கின்றது" என்று அவளிடம் போய்ச் சொல்வது எளிதான காரியமன்று. இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொடுவது இவ்விடமே.

1971ஆம் ஆண்டு தை மாதத்தில் மாகாண ஆளுநர் எசா திமோனனும் மக்கட் பிரதிநிதிகளும் அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். தம் மாகாணத்து மரணங்களைக் குறைக்க வழி செய்யவேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. கேட்டவர்கள் மக்களே என்பது கவனிக்கத் தக்கது. தலைநகரத்து நிபுணர்கள் தாமாக வந்து புத்தி சொல்லவில்லை. அடுத்த ஆண்டிலே வட கரேலியாத் திட்டம் தொடங்கியது. அதனை நடத்தும் பொறுப்பு இளவயதினரான பெக்கா புஸ்கா என்னும் வைத்தியரிடம் வந்தது.

புஸ்காவும் அவருடைய கூட்டத்தாரும் நோயாளிகள் வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. ஒரு மனிதன் என்ன உண்கின்றான் என்பது அவனுடைய மனவுறுதியினால் மட்டும் ஆவதன்று. அவன் மனைவி எதைச் சமைக்கின்றாள், கடைக்காரன் எதை விற்கின்றான், அயலவன் விருந்துக்கு எதைப் படைக்கின்றான் என்பவற்றாலும் ஆவது என்று அவர்கள் கண்டனர். எனவே ஊரையே மாற்ற முனைந்தனர்.

முதலில் உதவிக்கு வந்தது மார்த்தா சங்கம் என்னும் மாதர் அமைப்பு. கிராமங்கள்தோறும் பரவியிருந்த அச்சங்கத்துப் பெண்கள் மாலைக் கூட்டங்களைக் கூட்டினர். அங்கே வைத்தியர் சிறிது பேசுவார். பின்பு எல்லோரும் சேர்ந்து சமைத்து உண்பார்கள். கரேலியாவின் பழம்பெரும் இறைச்சிக் குழம்பிற் பன்றிக் கொழுப்பைக் குறைத்துக் கிழங்கும் கரட்டும் கூட்டி ஆக்கினார்கள். கணவன்மார் உண்டார்கள், சுவை கெடவில்லை என்றார்கள். நூறு துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை ஒரு குழம்புச் சட்டி செய்தது என்று சொல்லலாம். இவையன்றி, ஊரார் மதிக்கும் ஆண்களையும் பெண்களையும் கிராமந்தோறும் தேர்ந்து பயிற்றி, அயலவரோடு பேச வைத்தனர். பயிற்சி பெற்ற தாதிமார் இரத்த அழுத்தத்தை அளந்து, மிகுதியாக உள்ளவர்களைப் பதிவுசெய்து, விடாது கவனித்தனர். புகைபிடிப்பதை நிறுத்த விரும்புவோருக்குத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. 1976இல் நாடு முழுவதற்கும் புகையிலைச் சட்டம் ஒன்று வந்தது. கோப்பியும் தப்பவில்லை: தூளை நீரிற் கொதிக்கவைத்து வடிகட்டாது குடிக்கும் வழக்கம் இரத்தத்திற் கொலஸ்ற்றோலை உயர்த்துகின்றது என்று தெரிந்ததும், கடதாசியில் வடித்தெடுக்கும் கோப்பி பரவியது.

எதிர்ப்பு வராமலிருக்குமா? பால் தரும் பசுவே அந்நாட்டு உழவனின் செல்வம். வெண்ணெயைக் குறையுங்கள் என்பது அவன் அடுப்பிற் கைவைப்பது போலாயிற்று. பாற்பண்ணைக்காரர் கொதித்தெழுந்தனர். அவர்களைப் பகைத்து வெல்வதைவிடப் பிழைக்க வேறு வழி காட்டுவதே நல்லதென்று திட்டத்தார் தெளிந்தனர். பின்லாந்தின் குளிரைத் தாங்கி வளரும் பெரி என்னும் சிறுகனிகளைப் பயிரிட 1980களில் ஊக்கமளித்தனர். கடுகினத்தைச் சேர்ந்த ரேப் என்னும் செடியின் வித்திலிருந்து எடுத்த உள்நாட்டு எண்ணெய் சமையலறைக்கு வந்தது. சத்துணவு நூல்களில் இவ்விடயத்தை ஓரிரு வரியிற் கடந்துவிடுகின்றார்கள். திட்டம் பிழைத்ததே இதனால் என்பது என் கருத்து. உழவனுடைய வருமானத்தை மறந்த ஆரோக்கியப் போதனை அவனுடைய படலைக்கு உள்ளே போயிராது.

பயன் என்ன? திட்டம் தொடங்குமுன், 35 முதல் 64 வயது வரையான ஆடவர் ஓர் இலட்சம் பேருள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 670 பேர் இருதய நோயினால் இறந்தனர். 2006இல் அத்தொகை ஏறக்குறைய நூறாகக் குறைந்திருந்தது. திட்டம் 1977 முதல் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டு, 1997இல் முறைப்படி நிறைவுற்றது.

இங்கே ஒரு வழக்கையும் மறைக்காமற் கூறவேண்டும். ஒப்பிடுவதற்கென்று எடுக்கப்பட்ட அயல் மாகாணமான குவோப்பியோவிலும் மரணங்கள் பெரிதும் குறைந்தன. ஆகவே திட்டம் இல்லாமலே இது நடந்திருக்கும் என்று சில அறிஞர் வாதித்தனர். அதற்கு மறுமொழியாக, வானொலியும் பத்திரிகையும் மாகாண எல்லையில் நின்றுவிடா, வட கரேலியாவின் செய்தியை அயலவரும் கேட்டனர் என்று புஸ்காவின் பக்கத்தார் கூறினர். பிற்காலத்தில் நல்ல மருந்துகளும் சத்திரசிகிச்சையும் தம் பங்கைச் செய்தன. எனினும் முதல் இருபது ஆண்டுகளின் வீழ்ச்சியிற் பெரும்பகுதி, கொலஸ்ற்றோலும் இரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் குறைந்ததனால் வந்தது என்றே கணக்குகள் காட்டுகின்றன. அம்மூன்றினுள்ளும் மிகுந்த பங்கு கொலஸ்ற்றோலுடையது.

1990களிற் கிராமங்களுக்கிடையே ஒரு போட்டி நடைபெற்றது. குறித்த காலத்துள் எந்தக் கிராமத்தார் தம் இரத்தக் கொலஸ்ற்றோலை அதிகமாகக் குறைக்கின்றனரோ அவர்களுக்கே பரிசு. இரத்தங் கொடுப்பதற்கு வரிசையில் நின்றவர்களுட் பலர், கொழுப்பு நீக்காத பாலையே குடித்து வளர்ந்த மரம் வெட்டிகளின் பிள்ளைகள்.