முரசின் மேல் ஆடிய தஞ்சாவூர்ப் பெண்

1943இல் வந்த ஹாலிவுட் படமான 'ஸ்டார்மி வெதர்' கறுப்பின நடனக் கலைஞர் கேதரின் டன்ஹாமையும் அவர் குழுவையும் ஆடவைத்தது. கறுப்பினப் பெண் என்றால் வேலைக்காரி வேடம்தான் என்றிருந்த காலம் அது. இன்று அமெரிக்க நடன வரலாறு டன்ஹாமின் மேடையையும் திரையையும் சேர்த்தே பேசுகிறது. அடுத்த ஆண்டு 'ஹரிதாஸ்' படத்தில் தாசி ரம்பாவாக வந்து தமிழ்நாட்டைக் கிறங்கடித்த டி.ஆர்.ராஜகுமாரியை நாம் கனவுக்கன்னி என்பதோடு நிறுத்திக்கொண்டோம். பரதநாட்டியத்தின் கதையிலும் அவருக்கு இடம் தரவேண்டும் என்கிறேன்.

ராஜாயி என்ற பெயரோடு 1922இல் தஞ்சாவூரில் இசைவேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். பாடகி குஜலாம்பாளின் பேத்தி. 'கச்ச தேவயானி' (1941) படத்தில் அவரைக் கதாநாயகியாக்கிய இயக்குநர் கே.சுப்ரமண்யம் பாபநாசத்துக்காரர். அடுத்த ஆண்டே சுப்ரமண்யம் நிருத்யோதயா நாட்டியப் பள்ளியையும் தொடங்கினார். மேடையும் திரையும் அவருக்கு வேறுவேறாகப் படவில்லை. சினிமா ஆட்டம் சதிராகுமா, அதாவது பரதநாட்டியத்தின் பழைய வடிவமாகுமா என்று கேட்பார்கள். ஆகாதுதான். ஆனால் மாயவரத்தில் பிறந்த குமாரி கமலா, வழுவூர் ராமையா பிள்ளையின் மாணவி, 'நாம் இருவர்' (1947) படத்தில் ஆடியதால் அவருடைய மேடைப் புகழ் ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லையே! பிராமணக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பெருமை சேர்த்த திரை, இசைவேளாளர் வீட்டுப் பெண்ணை மட்டும் நாட்டியத்துக்கு வெளியே நிறுத்துமா?

இன்னொரு மறுப்பு கனமானது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரே இசைவேளாளர் சமூகத்தில் வளர்ந்தவர், பழையதற்காக ஏங்கலாமா? கூடாது. அந்தச் சட்டம் வந்தே தீரவேண்டியது. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து, அந்தப் பெண்களின் கலையையும் சமூகம் கூச்சத்தோடு பார்த்தது. அதற்குச் சட்டம் பொறுப்பல்ல, நாம்தான் பொறுப்பு. சட்டம் வந்த மறு ஆண்டே 'சந்திரலேகா' வெளியானது. கட்டாயக் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல் நடித்து, முரசு நடனம் வேண்டும் என்கிறாள் ராஜகுமாரி ஏற்ற நாயகி. ராட்சத முரசுகளின் மேல் ஆட்டம் நடக்கிறது. ஆடி முடித்ததும் உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் கிழித்துக்கொண்டு பாய்கிறார்கள். ரம்பாவின் ஆட்டம் ஒரு குடும்பத்தைக் கெடுத்தது. இங்கே ஆட்டமே அவளை விடுவிக்கிறது. நான்கே ஆண்டுகளில் ஒரே நடிகையின் வழியாக நடந்த இந்த மாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறகு ராஜகுமாரி தம்பி டி.ஆர்.ராமண்ணாவோடு சேர்ந்து ஆர்.ஆர்.பிக்சர்ஸ் தொடங்கினார், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த 'கூண்டுக்கிளி' (1954) அவர்கள் தயாரிப்புதான். சென்னைப் பாண்டிபஜாரில் தன் பெயரிலேயே தியேட்டரும் கட்டினார்.